குடிகள் வாழ்ந்தால்தான் கோயில் வீதி வாழும்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்திற்குச் சென்று வந்த அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பொழுது புலருமுன்பே கூட்டரசு நெடுஞ்சாலையிலிருந்து வாகனங்கள் சாரை சாரையாக நகருக்குள் இறங்கும். துளசி மாலை ஏந்திய பக்தர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று பெருமாளைச் சேவிப்பார்கள். தரிசனம் முடிந்து, பிரசாதம் பெற்ற கையோடு, அதே வாகனங்கள் அதே நெடுஞ்சாலையில் ஏறித் திரும்பிவிடும். சற்றுத் தொலைவிலுள்ள ஜாலான் தெங்கு கிளானா கடைத்தெருவில் இறங்கி, நான்கு கடை ஏறி இறங்கிச் செல்வோர் எத்தனை பேர்?

கோயில் இல்லாத ஊரில் குடியேறத் தயங்கியவர்கள் நம் முன்னோர்கள். இன்று நம்முன் நிற்கும் கேள்வி அதன் மறுபுறம்: குடிகள் நீங்கிய ஊரில் கோயில் மட்டும் எத்தனை காலம் தனித்து நிற்கும்? திருவிழாக் காலத்தில் இதைப் பேசுவது பொருத்தமா எனச் சிலர் கேட்கலாம். ஊர் கூடித் தேர் இழுக்கும் நாளில் ஊரைப் பற்றிப் பேசாமல் வேறு எப்போது பேசுவது?

ரயில் வளர்த்த கடைத்தெரு

பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் ஒரே பாதையின் இரு முனைகளில் வளர்ந்தவை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் பாதை போடப்பட்டது. 1890-இல் அது கிள்ளான் நகரையே எட்டியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பட்டறைகளும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன. தமிழரும், யாழ்ப்பாணத்தாரும், மலையாளிகளும், சிங்களவரும் அங்கே அண்டை வீட்டாராக வாழ்ந்தனர். நல்லூரை நினைவூட்டும் கந்தசுவாமி கோயிலும், சிங்களவர் நிறுவிய பௌத்த விகாரையும் அந்தக் குடிகளின் கைங்கரியங்களே. கிள்ளானிலோ, சுற்றுத் தோட்டங்களின் தொழிலாளர்கள் சம்பள நாளில் வந்து சேலையும், பித்தளைப் பாத்திரமும், கையில் மிஞ்சியதற்குக் குன்றிமணித் தங்கமும் வாங்கிய தெருவாக ஜாலான் தெங்கு கிளானா விளங்கியது.

அன்று ரயிலும் பஸ்ஸும் மனிதர்களை ஊருக்குள் இறக்கிவிட்டன. இறங்கியவர்கள் நடந்தார்கள், நடந்தவர்கள் கடைகளைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் வாங்கினார்கள். நெடுஞ்சாலையின் இயல்பு வேறு. அது ஊரைத் தொடாமலேயே ஊரைக் கடக்க உதவுகிறது. 1997-இல் சன்வே பிரமிட், 1999-இல் மிட் வேலி, 2007-இல் கிள்ளான் புக்கிட் திங்கியில் ஏயோன் எனப் பேரங்காடிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. நிழலில் வாகனத்தை நிறுத்திவிட்டு, குளிர்ந்த காற்றில் எல்லாவற்றையும் வாங்கும் பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. 2018 ஜனவரி முதல் நாளன்று பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல் சாவடிகளில் கட்டணம் ரத்தானதும் நெடுஞ்சாலைப் பயணம் இன்னும் எளிதாயிற்று. வசதியைக் குறை சொல்லுவதற்கில்லை. ஆனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறியபின், பழைய தெருவுக்கு வர நமக்கிருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக நழுவிவிட்டன என்பது கண்கூடு.

வளைவு மட்டும் போதுமா?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2010 அக்டோபர் 27-ஆம் நாள், இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அன்றைய நம் பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப்பும் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’வைத் தொடக்கி வைத்தனர். ஜாலான் துன் சம்பந்தனில் வண்ண வளைவுகளும் யானைச் சிற்ப நீரூற்றும் எழுந்தன. 2015-இல் இந்திய அரசின் அன்பளிப்பான தோரண வாயிலும் திறக்கப்பட்டது. இவை நமக்குப் பெருமையே.

ஆயினும், அலங்காரம் நடந்த அதே காலத்தில் அலங்காரத்துக்குரியவர்கள் வெளியேறிக் கொண்டிருந்தார்கள். ரயில்வே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த ‘நூறு வீடுகள்’ 2010-களில் இடிக்கப்பட்டன. சாலை ஒருவழியாக்கப்பட்டதால் வாடிக்கையாளர் வரத்துக் குறைந்தது என்று வணிகர்கள் அன்றே முறையிட்டனர். நூற்றாண்டு கண்ட விவேகானந்தர் ஆசிரம வளாகத்தில் பலமாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014-இல் வெளியானபோது, மக்கள் திரண்டு குரல் கொடுக்க நேர்ந்தது.

அதற்கும் முந்திய அடி ஒன்று உண்டு. 1948-க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பளித்து வந்தது. அதை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முற்றிலும் அகன்றது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறியதை நாடே அறியும். கட்டடச் சொந்தக்காரர்களுக்கும் அவர்கள் பக்க நியாயம் உண்டு. சொற்ப வாடகையில் பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பது எளிதன்று. ஆனால் பூக்கட்டுபவரும் அச்சகக்காரரும் நகைப்பட்டறை ஆசாரியும் புதிய வாடகையைத் தாங்க முடியாமல் போனால், அந்தத் தெருவில் எஞ்சுவது வர்ணம் மட்டுமே.

பிறர் கண்ட வழி

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாபெரும் நெடுஞ்சாலைகள் அமைக்கப்பட்ட பிறகு, வழியிலிருந்த சிறு நகரங்களின் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. 1977-இல் அங்குள்ள மரபுரிமைப் பாதுகாப்பு அறநிறுவனம் கேல்ஸ்பர்க், ஹாட் ஸ்பிரிங்ஸ், மேடிசன் ஆகிய மூன்று சிறு நகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. வணிகர், கட்டடச் சொந்தக்காரர், நகர நிர்வாகம், ஊர்மக்கள் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தினார்கள். கடைத்தெருவின் நலனையே முழுநேர வேலையாகக் கவனிக்க, ஊருக்கு ஒரு சம்பள அலுவலரை நியமித்தார்கள். பழைய முகப்புகளை இடிக்காமல் செப்பனிட்டார்கள். அந்தச் சோதனையே பின்னர் நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது. நாம் கொள்ள வேண்டிய பாடம் எளியது: யாராவது ஒருவர் தினந்தோறும் கவலைப்பட்டாலன்றித் தெரு பிழைக்காது.

தமிழருக்கு இது அந்நியமான சிந்தனையா? மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி எனக் கோயிலைச் சுற்றியே ஊர் வகுக்கப்பட்டது. தேர் வரும் வீதியில்தான் வணிகமும் குடியிருப்பும் அமைந்தன.

ஆலயங்கள் முன்வரட்டும்

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டு, பின்னர் சட்டத்தாலேயே நீக்கப்பட்டது. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்த பின்னரும் அதன் உறுப்பினர்கள் நியமனம் பெறுபவர்களே. ஆகவே, ஊர்மக்களின் குரலைத் திரட்டித் தரும் அமைப்பு ஒன்று தேவை. வாரந்தோறும் மக்கள் தாமாகவே கூடும் இடம் ஆலயம்தானே?

முதலாவதாக, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஆலய நிர்வாகங்கள் வணிகர்களோடும் குடியிருப்பாளர்களோடும் சேர்ந்து நிரந்தர நகர் நலக் குழு ஒன்றை அமைக்கலாம். அது நம்மவர் மட்டும் அமரும் குழுவாக இருத்தலாகாது. ஜாலான் தெங்கு கிளானாவில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் லூர்து மாதா தேவாலயமும் உள்ளன. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் உள்ளது. ஐந்தடியில் பெட்டிகளை அடுக்கி வழி மறித்தால் யாருக்கு இடர் என்பதை அவர்களைவிட யார் நன்கறிவார்? ஆலயங்கள் பங்கு போட்டுக்கொண்டால், முழுநேர அலுவலர் ஒருவரின் சம்பளம் பெருஞ்சுமையாகாது.

இரண்டாவதாக, திருவிழாச் செலவு தெருவுக்குத் திரும்ப வேண்டும். பூ, தேங்காய், அழைப்பிதழ், அன்னதானப் பொருள் ஆகியவற்றில் இயன்ற பங்கை அருகிலுள்ள சிறு வணிகரிடமே வாங்குவதென ஒரு தீர்மானம் போடலாம். சில காசு கூடலாம். ஆனால் அந்தக் காசு ஊரிலேயே சுற்றும். ஆலயத்துக்குச் சொந்தமான கடைகள் இருப்பின், நியாய வாடகைக்கு விட்டு முன்னுதாரணம் காட்டலாம். காலியாகக் கிடக்கும் மேல்மாடிகளில் இளங்குடும்பங்களைக் குடியமர்த்தவும் குழு முயலலாம்.

மூன்றாவது, மிக முக்கியமானது. நகரத் திட்டங்களின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்கச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. கோலாலம்பூர் 2040 உள்ளூர்த் திட்ட வரைவு அப்படித்தான் 2024-இல் வைக்கப்பட்டது. இடிக்கும் இயந்திரம் வந்தபின் பதாகை ஏந்துவதைவிட, வரைவு வந்த வாரத்திலேயே வரைபடத்தை ஆலய மண்டபத்தில் ஒட்டி, ஊராரைக் கூட்டி, எழுத்து மூலம் கருத்தளிப்பது பயன்தரும். கும்பாபிஷேக மலர் அச்சிடத் தெரிந்த நமக்கு, நான்கு பக்கக் கோரிக்கை மனு தயாரிக்கத் தெரியாதா?

இதெல்லாம் ஆலயத்தின் வேலையல்ல, பூஜை தவறாமல் நடந்தால் போதும் என்பாரும் உளர். அவர்களுக்கு ஒரு கேள்வி. உபயம் எடுத்து, உண்டியல் நிரப்பி, தேரின் வடம் பிடித்து வளர்த்த கைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தன? அந்தத் தெரு அழிந்தால், நாளை வடம் பிடிக்க எங்கிருந்து ஆள் வரும்?

அன்பர்களே, இந்தத் திருவிழாவில் தரிசனம் முடிந்ததும் உடனே நெடுஞ்சாலையை நோக்கித் திரும்பிவிடாதீர்கள். பழைய கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடங்கள். ஒரு முழம் பூவாவது வாங்குங்கள். அடுத்த ஆலயப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, நம் தெருவுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று கேளுங்கள். கேள்வி எழுந்தால் குழு பிறக்கும். குழு பிறந்தால் வழி பிறக்கும். அதற்கு இறையருள் துணை நிற்பதாக.