புள்ளி வைத்ததைக் கழி

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது டிகிரி முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் போனில் பேசுகிற வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். திருவொற்றியூரின் ஒரு கோடியிலிருந்து ஊரின் மறு கோடிக்கு நாள்தோறும் போய்வருகிறாள். இன்னும் பயிற்சிதான். தினமும் ஒரு டெஸ்ட்.

தாளில் இருபது ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சிலபிள் என்று எதிரே எழுத வேண்டும். இவள் எழுதியதில் பதினோரு இடத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி.

"ஃபிலிமுக்கு ரெண்டுதானே மிஸ்? ஃபி... லிம். ஒன்னுதான்னு தப்பு போட்டுட்டாங்க."

"உங்க ட்ரெய்னரைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன் மிஸ். நல்லா கேளுன்னு மூணு வாட்டி சொல்லிக் காட்டினாங்க. மூணு வாட்டியும் எனக்கு ஃபிலிம்முன்னுதான் காதுல வுழுந்துச்சு."

எனக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். அதை மாணவியிடம் ஒப்புக்கொள்வதா என்று யோசிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "சிலபிள்னா அசைதானே மிஸ்? அலகிடுறதை நீங்கதானே நடத்துனீங்க?"

முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் தேமா, புளிமா எழுதியவள் நான். விடுவேனா? பேனாவை வாங்கி அலகிட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் அவளுடைய பதினோரு தப்பை நான் பதின்மூன்றாக்கியிருந்தேன்.

தப்பு எங்கே என்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. நம் யாப்பின் அசை வேறு, அவர்கள் கேட்கும் சிலபிள் வேறு. மொழியியல்காரர்கள் இரண்டுக்கும் அசை என்ற ஒரே பெயரை வைத்ததால் வந்த வினை. புளிமா என்று சொல்லிப் பாருங்கள். பு, ளி, மா என்று மூன்று முறை உயிர் ஒலிக்கிறது. யாப்பிலோ நிரை, நேர் என்று இரண்டே அசை; இரண்டு குறில் சேர்ந்து வந்தால் ஒன்றாகக் கட்டிவிடுவோம். கருவிளத்தில் நான்கு உயிர், அசை இரண்டு. அந்தக் கட்டுமானத்தை ஆங்கிலத்தின் மேல் ஏற்றினால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

ஆனால் உயிரை மட்டும் எண்ணுகிற கணக்கும் நம்மிடம் உண்டு. கட்டளைக் கலித்துறை. ஓர் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. எண்ணும்போது ஒற்றைத் தள்ளிவிட வேண்டும். புள்ளி வைத்த எழுத்தெல்லாம் கணக்கில் வராது. யாப்பருங்கலக் காரிகையே இந்த யாப்பில் எழுதப்பட்ட நூல்தான். ஒற்றைத் தள்ளினால் மிஞ்சுவது உயிரும் உயிர்மெய்யும். அவற்றின் தொகைதான் ஆங்கிலக்காரர் சொல்லும் சிலபிள்.

இதற்காக நான் வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் தெருமுனையில் நின்றால் கோபுரம் தெரிகிற வடிவுடையம்மன் மேல் ராமலிங்க அடிகள் பாடிய வடிவுடை மாணிக்க மாலை முழுக்கக் கட்டளைக் கலித்துறை, 101 பாட்டு. என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் படிப்பார். எழுத்து எண்ணத் தெரியாது அவருக்கு. ஆனால் ஓர் எழுத்து விட்டுப் படித்தால் அவர் நாக்கே தடுக்கி நிற்கும்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "இங்கிலீஷ்ல எழுதி எண்ணாதே. வாய் சொல்றதை அப்படியே தமிழ்ல எழுது. புள்ளி வச்ச எழுத்தை அடி. ஆய்தத்தையும் அடி. மிச்சத்தை எண்ணு."

ட்ரெய்னர் சொல்லுகிற மாதிரி எழுதினோம். ஸ்கூல்: கூ மட்டும் மிஞ்சியது, ஒன்று. சாக்லெட்: சா, லெ, இரண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தால் மூன்றோ நான்கோ வரும். வென்ஸ்டே, இரண்டு. பிஸ்னஸ், இரண்டு. வெஜ்டபிள் மூன்று, கம்ஃப்டபிள் மூன்று. ரிதம் என்ற சொல்லின் ஆங்கில எழுத்தில் நாம் பள்ளியில் படித்த ஐந்து உயிரெழுத்தில் ஒன்றுகூட இல்லை, இருந்தும் இரண்டு. பட்டியலில் கடைசியாக ஒரு சொல், வலிமைகள் என்று பொருள். ஸ்ட்ரெங்த்ஸ். தமிழில் ஆறு எழுத்து. ஐந்தின் தலையில் புள்ளி. நடுவில் ஒற்றை ரெ.

"அஞ்சு பொணத்தை ஒரு ஆள் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். உயிர், மெய் என்று பேர் வைத்தவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும். எந்த எழுத்துக்கு உயிர் உண்டு, எதற்கு இல்லை என்று படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். ஆங்கில எழுத்துமுறையும் அப்படி ஒரு புள்ளியில்லாத ஏடு என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லின் கடைசியில் நிற்கும் 'இ' பல சமயம் வெறும் பொம்மை. நடுவில் கிடப்பதும் பாதி நேரம் செத்ததுதான், ஆனால் தலையில் அடையாளம் கிடையாது. வேலை முடிந்தது என்பதற்கு வரும் 'டு' விகுதியைப் பாருங்கள். வொர்க்ட், ஓரசை. நம் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து வொர்க்கெட் என்பார்கள். லோடட் மட்டும் இரண்டு. ஏனென்றால் 'லோட்' என்பது ஏற்கெனவே டகரத்தில் முடிகிறது. இன்னொரு டகரத்தை ஒட்ட இடையில் ஓர் உயிர் வேண்டும். டகரத்திலோ அதன் வல்லொலி இரட்டையிலோ முடிகிற வினைகளுக்குத்தான் இந்தச் சலுகை. கண்டெய்னர் லோடட் ஆகும், சீல்ட் ஆகும், செக்ட் ஆகும்; முதலாவது மட்டும் இரண்டு, மற்றவை ஒவ்வொன்று.

என் சூத்திரம் சறுக்குகிற இடமும் உண்டு. டவுன் என்று எழுதினால் இரண்டு வரும். ஆங்கிலத்தில் அது ஒன்று. இங்கே ஔகாரம் கைகொடுக்கிறது. டௌன், பௌண்ட், மௌஸ் என்று எழுதினால் கணக்கு சரியாகிவிடும். ஔவையாரையும் ஔடதத்தையும் விட்டால் வேலையில்லாமல் கிடந்த எழுத்துக்கு எண்ணூர் பக்கம் ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆயிலுக்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. அதை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன், ஒன்று என்று.

ட்ரெய்னர் சொல்லிக்கொடுத்த வழி வேறு. முகவாய்க்கட்டைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை முறை கையில் இடிக்கிறதோ அத்தனை அசை. நானும் செய்து பார்த்தேன். ஸ்கூல் என்று சொன்னால் எனக்கு மூன்று முறை இடிக்கிறது: இஸ்-கூ-லு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. நாங்கள் சொல்கிற சொல்லை நாங்கள் சரியாகத்தான் எண்ணுகிறோம். சொல்லே வேறாக இருக்கிறது. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் சொல்லுக்கு இறுதியில் வராது. தொல்காப்பியம் எழுதி வைத்த விதி. அதைப் படிக்காதவர்கள் வாயிலும் அது வேலை செய்கிறது. ஸகரம் முன்னால் நின்றால் ஓர் இகரம் வந்து தாங்கும். டகரமோ ககரமோ பின்னால் தொங்கினால் ஓர் உகரம் வந்து முட்டுக்கொடுக்கும். லைட்டு, கேட்டு, ஷிப்டு, லாக்கவுட்டு. என்னை அவள் மிஸ் என்று கூப்பிடுகிறாள் என்று எழுதிவிட்டேன். அவள் உண்மையில் கூப்பிடுவது மிஸ்ஸு.

ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த பகுதி இது. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோதே ஸ்ட்ரைக் வடசென்னைக்குத் தெரிந்த சொல்லாகியிருக்கும். ஆங்கிலத்தில் அது ஓரசை, ஓர் அறை விழுகிற மாதிரி. என் அப்பா சொல்வது இஸ்டைக்கு, மூன்று. ஜப்பான்காரர்கள் நம்மையும் மிஞ்சுவார்கள். சு-தொ-ரா-இ-கு என்று ஐந்து துண்டாக்குகிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: பேஸ்பாலில் வருவது சுதொராய்க்கு, தொழிலாளி செய்வது சுதொராய்க்கி. ஒரே ஆங்கிலச் சொல்லை இரண்டு முறை வாங்கி, இரண்டு விதமான உயிர் கொடுத்து, இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பகுதியில் இந்த உயிர் கொடுக்கும் வேலைக்குச் சாட்சியாக ஒரு பேட்டையே நிற்கிறது. ஜோசப் காலெட் என்பவர் 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னர். திருவொற்றியூரில் நெசவாளர்கள் குடியேறிய இடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், காலெட் பேட்டை. தமிழ்ச் சொல்லில் டகர ஒற்று கடைசியில் நிற்குமா? காலெட் காலடி ஆனார். இரண்டு மூன்றாயிற்று. காலடிப்பேட்டை என்றால் யாரோ பெரிய மகானின் காலடி பட்ட இடம் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இப்போது மெட்ரோ ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான். அந்த கவர்னருக்கு நாங்கள் ஓர் உயிர் கொடுத்தோம். அவர்கள் எங்களிடமிருந்து இரண்டு எடுத்துக்கொண்டார்கள். தி-ரு-வொற்-றி-யூர் ஐந்து. பழைய ஆங்கில ஆவணங்களில் ட்ரிவட்டோர், மூன்று. அவர்கள் நாக்குக்கும் விதி இருக்கிறது. அடி விழுகிற ஓரசையை ஊன்றிச் சொல்லிவிட்டு அக்கம்பக்கத்தில் இருப்பதை விழுங்கிவிடும்.

1945இல் கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர் மொழிகளை இந்த வகையில் இரண்டாகப் பிரித்தார்: எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம நேரம் கொடுப்பவை, அழுத்தத்துக்கு அழுத்தம் தாண்டிப் போகிறவை. பின்னால் கருவி வைத்து அளந்தவர்கள் அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை என்றார்கள். இருக்கட்டும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதலசையில் விழும் அடி, ஃபொட்டாகிரஃபர் என்னும்போது இரண்டாவதுக்குத் தாவுவதை அவளும் நானும் மேஜையில் தட்டிப் பார்த்தோம். கானா பாட்டுக்கு மேஜை தட்டி வளர்ந்த பெண்ணுக்கு அது ஒரு நிமிஷ வேலை.

அவளுடைய அப்பா காசிமேட்டில் லாஞ்சு ஓட்டுகிறவர். நாங்கள் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒயர்லெஸ்ல இப்படிப் பேசினா ஒரு மண்ணும் வெளங்காதும்மா. நான் நம்பரை ரெண்டு வாட்டி, இழுத்து இழுத்துச் சொல்லுவேன்" என்றார். எனக்கு அது புதிய செய்தி. ஆனால் உலகக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான சர்வதேச சமிக்ஞை விதிநூலும் அதைத்தான் சொல்கிறது. ரேடியோவில் எண்களைச் சொல்ல அதில் தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஊனா-ஒன். இரண்டுக்கு பிஸ்ஸோ-டூ. நாலு ஃபோர் அல்ல, கார்ட்டே-ஃபவர். ஒன்பது நோவே-நைனர். நைனில் ஒன்றாக இருந்த அசை நைனரில் இரண்டு, முன்னால் நோவே வேறு. எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும் என்பது அதே நூலில் உள்ள குறிப்பு. அலையும் இரைச்சலும் இருக்கிற இடத்தில், கேட்கிறவன் கிரேக்கனோ கொரியனோ தெரியாத இடத்தில், ஆங்கிலத்துக்கு எங்கள் ஊர் வழி தேவைப்படுகிறது. விழுங்காதே, உயிர் சேர்த்துச் சொல், எல்லாவற்றையும் ஒரே மாதிரி சொல்.

இதை ட்ரெய்னரிடம் போய்ச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கரையில் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிற வேலைக்கு அவர்கள் கேட்கிறபடிதான் பேச வேண்டும். போனுக்கு மறுமுனையில் இருப்பவருக்கு நாம் சொல்வது விளங்கவேண்டுமே. வீட்டுக்கு வந்து இஸ்கூலு என்று சொல்லிக்கொள்ளட்டும், யார் தடுத்தார்கள்? அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. அதில் தமிழ் இலக்கணம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் டெஸ்ட் வைத்தார்கள். இருபதில் பதினேழு சரி. தப்பான மூன்றில் ஒன்று அதே ஃபிலிம். அயர்லாந்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பலரும் அதை ஃபிலம் என்று இரண்டசையாகத்தான் சொல்கிறார்கள் என்பதை அவளிடம் அன்று இரவுதான் சொன்னேன்.