கஞ்சிப் பானைக்கு முன்னால வினை பேசாதேங்கோ

"எல்லாம் விதி, முற்பிறப்பு வினை. மனசை ஆத்திக்கொள்ளுங்கோ." மே மாதம் வந்தால் இப்படிச் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. நாங்கள் கேட்கிறோம்: செல் அடிச்சது யாருடைய வினை? 2009இல் முள்ளிவாய்க்காலில், அரிசியும் தண்ணியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளை போன பிறப்பில் என்ன செய்தது?

துக்கத்தில் ஆன்மிகம் இல்லை என்றா சொல்கிறோம்? கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில், 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் படங்களோடு குந்தினார்கள். உள்ளே பூசை நடந்தது. வெளியே அவர்கள், பிள்ளை எங்கே என்று கடவுளையும் அரசையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த நேர்மையான வழிபாடு அதுதான். (பதில் ரெண்டு பக்கமும் வரேல்ல.)

அந்தக் கஞ்சியை இப்போது ஒவ்வொரு மேயிலும் காய்ச்சி, சிரட்டையில் வார்த்து, வழியால போறவைக்கும் கொடுக்கிறோம். 2024இல் சம்பூரில் அதற்காகப் பெண்களைப் பொலிஸ் கைது செய்தது. பொலிசுக்கே விளங்கின கஞ்சியின் அர்த்தம் எங்கட பிரசங்கிமாருக்கு இன்னும் விளங்கேல்ல. வாற மே 18க்கு ஆறுதல் சொல்ல வாறவை, முதலில் அடுப்புக்கு விறகு கொண்டு வரட்டும்.