காற்றிலே ஒரு கணக்கு

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. உலகையே சூழ்ந்திருக்கும் காற்று என்னும் பெரும் பானைக்கும் இப்பழமொழி பொருந்துமா? பொருந்தும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் அந்த ஒரு சோற்றைப் பதம் பார்க்க விரல் போதாது, கணக்கும் வேண்டும். அக்கணக்கைப் பற்றியே எங்கள் கருத்தை இங்கே கூற விழைகிறோம்.

ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாங்கள் ஒப்பிப்போம். ஆனால், “உலகத்துத் தாவரங்கள் யாவும் ஓராண்டில் எவ்வளவு கரியமில வாயுவை உணவாக்குகின்றன?” என்று கேட்டால் விழிப்போம். இதிலே வியப்பு என்னவென்றால், விஞ்ஞானிகளும் இன்னும் ஒரே விடையைச் சொல்வதில்லை!

ஏன் இந்தச் சிரமம்? ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் இது மிச்சத்தின் கணக்கு. மாதக் கடைசியில் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, அம்மாத வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று சொல்ல முடியுமா? தாவரங்கள் வாயுவை வாங்குகின்றன. தாவரங்களும் மண்ணும் மீண்டும் அதை வெளிவிடுகின்றன. இரண்டையும் பிரித்து அறிவது எப்படி?

இங்கேதான் பிராணவாயு துணைக்கு வருகிறது. பிராணவாயு அணுக்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. மிகப் பெரும்பாலானவை 16 என்னும் நிறை எண் கொண்டவை. ஆயிரத்தில் சுமார் இரண்டு மட்டும் 18 என்னும் நிறை எண் கொண்ட கனமான அணுக்கள். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது இலேசான நீர் முந்திக்கொண்டு ஓடுகிறது. கனமான நீர் இலையில் மிஞ்சுகிறது. இலைக்குள் நுழையும் கரியமில வாயுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உணவாகிறது. எஞ்சியது, இலைநீரோடு தன் பிராணவாயுவை மாற்றிக்கொண்டு வெளியே திரும்புகிறது. இம்மாற்றத்தை விரைவாக்குவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி. நமது இரத்தத்திலும் இதே பெயருள்ள நொதி வேலை செய்கிறது! ஆக, திரும்பி வரும் வாயு, “நான் இலைக்குள் போய் வந்தேன்” என்ற முத்திரையோடு வருகிறது. மண்ணிலிருந்து வரும் வாயுவோ மண்நீரின் முத்திரையைத் தாங்கி வருகிறது.

ஃபிரான்ஸியும் டான்ஸும் 1987-இல் இம்முத்திரை வடக்கே ஒருவிதமாகவும் தெற்கே வேறுவிதமாகவும் இருப்பதற்கு இலைநீரைக் காரணமாகக் காட்டினர். ஃபார்க்வாரும் அவரது குழுவினரும் 1993-இல் உலகத் தாவரங்களின் இலைநீரை இடவாரியாகக் கணக்கிட்டனர். 1997-இல் சியேயின் குழுவினர் காற்றோட்டத்தையும் சேர்த்து முப்பரிமாண மாதிரிக் கணக்கு ஒன்றை அமைத்தனர். மழை, ஈரப்பதம், இலை, மண், கடல், காற்று அனைத்தையும் கணிப்பொறியில் இட்டு, வரும் விடையைக் குடுவைகளில் பிடித்த உண்மையான காற்றோடு ஒப்பிடுவதே இம்முறை.

“கணிப்பொறி சொல்வதெல்லாம் ஊகந்தானே!” என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. எங்கள் வகுப்பிலேயே இவ்வாதம் எழுந்தது. நாங்கள் அதை ஏற்கவில்லை. தன் தவற்றைத் தானே காட்டிக்கொடுக்கும் கணக்கு, ஊகம் ஆகாது. எல்லா இலைகளிலும் இம்மாற்றம் முழுமையாக நடக்கிறது என்றே முதலில் கொண்டனர். கில்லனும் யாகிரும் 2001-இல், சோளம், கரும்பு முதலியவை சேர்ந்த புல்லினத்தில் அது அவ்வளவு முழுமையாக நடப்பதில்லை என்று காட்டினர். கணக்கு திருத்தப்பட்டது. திருத்தம் கண்டு வெட்கப்பட வேண்டுமா? நோட்டில் சிவப்பு மை விழாத மாணவி எவளும் கணிதம் கற்றதில்லையே!

அக்கணக்கின் பயனையும் பாருங்கள். எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டல மழை இடம் மாறுகிறது. மழைநீரிலும் இலைநீரிலும் கனமான பிராணவாயு கூடுகிறது. கரியமில வாயுவிலும் அம்முத்திரை ஏறுகிறது. குளத்தில் கொட்டிய சாயம் எவ்வளவு விரைவில் மறைகிறதோ, அதைக்கொண்டு குளத்தில் நீர் வந்து போகும் வேகத்தைச் சொல்லலாம் அல்லவா? லிசா வெல்ப்பும் குழுவினரும் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தின் முப்பதாண்டு அளவீடுகளை இவ்விதமே ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். தாவரங்கள் ஆண்டுதோறும் உணவாக்கும் கரி 12,000 கோடி டன் என்று அதுவரை எண்ணியது குறைவாகலாம்; 15,000 முதல் 17,500 கோடி டன் வரை இருக்கலாம் என்றனர். வேறொரு வாயுவான கார்பனைல் சல்பைடைக் கொண்டு 2024-இல் வெளியான கணக்கும் 15,700 கோடி டன் என்றது. இரு வேறு வழிகள் ஏறக்குறைய ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தன!

“அப்படியானால் மரங்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன கவலை?” என்று யாரும் மகிழ வேண்டாம். வரவு பெரிதென்றால் செலவும் பெரிதென்றே பொருள். மிச்சத்தின் கணக்கு மாறவே இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கரியைக் காற்றில் ஏற்றுகின்றனர். தாவரங்களும் கடலும் சேர்ந்து அதில் ஏறத்தாழப் பாதியையே ஏற்றுக்கொள்கின்றன. மறுபாதி காற்றில் தங்கிவிடுகிறது. சம்பளம் உயர்ந்ததென்று கடன் வாங்குபவன் கதை நமக்கு ஆகலாமா?

தோழியரே! கணிதம் நமக்கு வராது, விஞ்ஞானம் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று சொல்வோரிடம் இந்தக் கதையைச் சொல்லுவோம். ஒரு இலை விட்ட மூச்சின் தடத்தைப் பிடித்து உலகத்தின் கணக்கையே எழுத முடியும் என்றால், அக்கணக்கில் நமது கையெழுத்தும் ஒருநாள் இடம்பெற வேண்டாமா?