அடிமைகளின் ரகசியத்தைக் காத்த 200 வருட மர வீடு: தடைச் சட்டம் மட்டும் போதுமா?

நியூயார்க்: புரூக்ளின் மரைன் பார்க் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே பழைய மர வீடு ஒன்று நிற்கிறது. 1800-ம் ஆண்டு ஹென்ட்ரிக் லாட் என்ற டச்சு வம்சாவளி விவசாயி கட்டிய வீடு இது. அவருடைய தாத்தா 1720-ல் கட்டிய சின்ன வீட்டையும் இடித்துத் தள்ளாமல் இதோடு சேர்த்துவிட்டார்.

சுற்றிலும் இருந்த பெரிய பண்ணை நிலம் எல்லாம் பிளாட் போட்டு வித்தாச்சு. மிச்சம் இருப்பது ஒரு ஏக்கருக்கும் குறைவுதான்.

இந்த வீட்டுக்கு மேல்தோல் மாதிரி இருப்பவை 'ஷிங்கிள்' எனப்படும் மரச் சில்லுகள். மீன் செதில் போல ஒன்றின் மேல் ஒன்று படும்படி வரிசையாக ஆணி அடித்திருப்பார்கள். பார்க்க அழகு, பராமரிப்பதோ பெரும் பாடு. ஒரு சில்லு உளுத்துப் போனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அப்புறம் பலகை, அதற்கப்புறம் உத்தரம் என்று ஒவ்வொன்றாகக் காலியாகும்.

லாட் குடும்பத்து வாரிசுகள் 1989 வரை இங்கேயே குடியிருந்தனர். அதே ஆண்டு நியூயார்க் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. இனி யாரும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. சரி, ஒழுகினால்? பழுது பார்ப்பது சொந்தக்காரர் பொறுப்பு என்று சட்டம் கையை விரித்துவிடும். வீடு பூட்டியே கிடந்தது. நகர நிர்வாகம் அதை விலை கொடுத்து வாங்கியது 2002-ல்தான். நடுவில் 13 வருடம் ஓடிப்போச்சு!

பரணில் கிடந்த முடிச்சு

அந்த இடைவெளியில்தான் புரூக்ளின் கல்லூரி தொல்லியல் குழுவினர் ஆய்வுக்கு வந்தனர். தாழ்வான பரண் அறை ஒன்றின் தரைப் பலகைக்கு அடியில் கிடந்த பொருட்கள் அவர்களைத் திகைக்க வைத்தன. குறுக்கும் நெடுக்குமாக வைத்த சோளக் கதிர்த் தண்டுகள், கயிற்றால் கட்டிய துணி முடிச்சு, ஆட்டின் இடுப்பெலும்பு, சிப்பி ஓடு.

பண்ணையில் வேலை செய்த ஆப்பிரிக்க அடிமைகள் தங்கள் வழிபாட்டு முறைப்படி ஒளித்து வைத்தவை என்பது ஆய்வாளர்கள் முடிவு. நியூயார்க்கில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1827-ல். எஜமானர்களின் பெயர் பத்திரங்களில் இருக்கிறது. உழைத்தவர்கள் விட்டுப்போனது இந்த முடிச்சு மாதிரி சில பொருட்கள்தான். அந்தப் பரண் மேல் கூரை ஒழுகியிருந்தால் முதலில் மக்கியிருப்பது அந்தத் துணிதான். தப்பியது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

வீடு இப்போது நகரப் பூங்காத் துறை வசம் இருக்கிறது. 'யார் வீடு, யார் செலவு?' என்ற இழுபறி இனி இல்லை. ஆனால் மரச் சில்லு ஆயுசுக்கும் தாங்காது. சில பத்தாண்டுகளுக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பணத்தைப் பட்ஜெட்டில் ஒதுக்கியாக வேண்டும்.