பிரிக்காத சுருள்

அமெரிக்க ஒரு சென்ட் காசுக்குப் பென்னி என்று பெயர். ஐம்பது காசுகளைத் தாளில் சுற்றினால் ஒரு சுருள். 1909 முதல் 1958 வரை கோதுமைக் கதிர் பொறித்து வெளிவந்த காசுகளை, 'எவரும் பிரித்துப் பாராத சுருள்' என்று இணையத்தில் விற்கின்றனர். 1909இல் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையில், வடிவமைத்த சிற்பியின் பெயரெழுத்துகளுடன் அடிக்கப்பெற்றவை 4,84,000 மட்டுமே. அவற்றுள் ஒன்று கிட்டாதா என்பதே வாங்குவோரின் ஏக்கம்.

அரியதன் விலையறிந்த வணிகர் பிரித்துப் பாராமலா விற்பார்? காசுகளைத் தேர்ந்தெடுத்தபின் மீண்டும் சுற்றுவது எளிது. சுருளின் ஓரத்தில் தெரியும் பழங்காசு பெரும்பாலும் தூண்டில் இரையே.

மாணவ நண்பர்களே! காசு சேர்த்தல் வரலாறு கற்கும் கலை, சூதன்று. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் எஃகில் அடிக்கப்பெற்ற பென்னி, குறைந்த விலைக்கே கிடைக்கும். அது உரைக்கும் வரலாறோ பெரிது. காசைக் கண்டு வாங்குக, கனவை வாங்கற்க.