நவம்பர் 27 மாலை

போரில் மடிந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாளுக்கு அரச விடுமுறை இல்லை. கூலி வேலைக்காரர் அரைநாள் சம்பளத்தை விட்டுத்தான் கனகபுரம் துயிலும் இல்லத்துக்கு வருகிறார்கள். 2009இல் முடிந்த போரையடுத்து அங்கே கல்லறைகள் இடித்தழிக்கப்பட்டன. 2016இல் சனங்களே பற்றை வெட்டி, உடைந்த கற்களைக் கூட்டிவைத்து மறுபடி விளக்கேற்றினார்கள்.

அன்றைக்குப் பாட்டுப் போடலாமா, கொண்டாட்டம் வைக்கலாமா, இரணைமடுக் குளம் வான் பாய்ந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாமா என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் போகட்டும். போருக்குப் பின் பிறந்தவர்கள் தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்தச் சிரிப்பைக் காணத்தான் எத்தனையோ தாய்மார் காத்திருந்தார்கள். யாரையும் அதட்டிக் கடை பூட்டவைப்பதும் அஞ்சலி ஆகாது.

ஆனால் மாலை 6.05க்கு மணி ஒலிக்கையில் ஒலிபெருக்கிகள் ஓயவேண்டும். வெடி கொளுத்துவதை அன்றைக்கு முழுதாகவே விட்டுவிடலாம். அந்தச் சத்தம் இங்கே பலருக்கு இன்னும் வேறொன்றாகத்தான் கேட்கிறது. ஈருருளியில் வருகிற பெடியள் வாசலில் இறங்கி உருட்டிக்கொண்டு வரட்டும். உள்ளே, கார்த்திகை மழையில், தன் பிள்ளையின் கல் எதுவென்று தெரியாத அம்மா ஒருத்தி குடையைத் தனக்குப் பிடிக்காமல் விளக்குக்குப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.