பாங்கில் போட்ட பணத்தைத் தின்னும் அபராதம்!

2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு எங்கும் 1 கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுவது என்பது திட்டம். பணம் வந்துவிட்டது என்று செல்போனில் செய்தி வந்தது. வீட்டுக்கு வீடு மகிழ்ச்சி.

ஆனால், பாங்குக்குப் போன சில பெண்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. வந்த பணம் முழுதாக இல்லை! "உங்கள் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை. அதற்கான அபராதத்தைப் பிடித்துக்கொண்டோம்" என்றார்கள்.

கூக்குரல் எழுந்தது. நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு பாங்குகளை எச்சரித்தார். உரிமைத் தொகையில் கை வைக்கக்கூடாது என்றார்.

அரசாங்கப் பணம் என்பதால் அமைச்சர் கேட்டார். கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் இப்படிப் பிடித்தால் யார் கேட்பது? அந்தப் பணத்தை வைத்திருப்பவர்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சட்ட திட்டமும் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

எப்படி ஏறுகிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சம்பளம் போடுவதற்காகக் கம்பெனியே பாங்கில் கணக்கு தொடங்கித் தருகிறது. சம்பளக் கணக்கு என்பதால் அதில் ஒரு ரூபாய் கூட இல்லாமல் இருக்கலாம். அபராதம் கிடையாது.

கல்யாணம் ஆகிறது. வேலையை விடுகிறாள். சம்பளம் வருவது நிற்கிறது. சில மாதங்களில் அந்தக் கணக்கு, சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடுகிறது. இனி அதில் 2,000 ரூபாயோ, 5,000 ரூபாயோ எப்போதும் இருக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாது. தெரிவிக்கும் செய்தி வந்தாலும், அது பழைய செல்போன் நம்பருக்குப் போய்விடும்.

மாதா மாதம் அபராதம். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி வேறு! 100 ரூபாய் அபராதம் என்றால், போவது 118 ரூபாய்.

பணம் குறைவாக இருக்கிறது என்பதற்காக இருப்பதையும் குறைக்கும் அபராதம் இது! லட்சம் ரூபாய் வைத்திருப்பவரிடம் ஒரு காசு கூட வாங்குவதில்லை.

கோடி கோடியாக...

ஸ்டேட் பாங்கு, 2017-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்த அபராதத்தை மறுபடியும் கொண்டு வந்தது. பெரிய நகரங்களில் 5,000 ரூபாயும், கிராமங்களில் 1,000 ரூபாயும் இருப்பு இருக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு நவம்பர் மாதத்துக்குள், அதாவது 8 மாதங்களில், அபராதமாக வசூலான தொகை 1,771 கோடி ரூபாய்! அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை 3 மாதங்களில் அந்த பாங்கு சம்பாதித்த நிகர லாபமே 1,581 கோடி ரூபாய்தான்.

நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. அபராதம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்டேட் பாங்கு அதை அடியோடு நீக்கியது. பாங்கு அதனால் மூழ்கிப் போய்விடவில்லை!

மற்ற பாங்குகள் உடனே விடவில்லை. 2019-20 முதல் 2023-24 வரை 5 ஆண்டுகளில் அரசு பாங்குகள் இந்த வகையில் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூல் செய்ததாக, 2024-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

2025-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் கனரா பாங்கு, பஞ்சாப் நேஷனல் பாங்கு, பாங்க் ஆப் பரோடா, இந்தியன் பாங்கு ஆகியவையும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நிறுத்தின. தனியார் பாங்குகளின் போக்கு வேறு. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், நகரங்களில் புதிதாகச் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறவர்கள் சராசரியாக 50,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்று ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கு அறிவித்தது. கண்டனம் எழுந்ததும், சில நாட்களிலேயே 15,000 ரூபாய் ஆக்கியது.

கூச்சல் போட்டால்தான் குறையும் என்றால், ஆரம்பத்தில் போட்ட கணக்கு என்ன கணக்கோ?

விதி என்ன சொல்கிறது?

எவ்வளவு இருப்பு வேண்டும் என்று முடிவு செய்வது அந்தந்த பாங்கின் உரிமை. ரிசர்வ் பாங்கு அதில் தலையிடுவதில்லை. ஆனால், அபராதம் போடும் முறைக்குக் கடிவாளம் இருக்கிறது. 2014-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி ரிசர்வ் பாங்கு உத்தரவு போட்டது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது.

இருப்பு குறைந்தால், உடனே அபராதம் போடக்கூடாது. கணக்கு வைத்திருப்பவருக்கு முதலில் தகவல் தர வேண்டும். கடிதம், செல்போன் செய்தி, ஈமெயில் எதுவானாலும் சரி. தகவல் தந்த நாளில் இருந்து குறைந்தது ஒரு மாதம் தவணை தர வேண்டும். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அபராதம் இல்லை.

குறைவுக்குத் தகுந்தபடிதான் அபராதம் இருக்க வேண்டும். 2,000 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் 1,900 ரூபாய் வைத்திருப்பவருக்கும், ஒன்றுமே இல்லாதவருக்கும் ஒரே அபராதம் போடுவது முறை அல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: அபராதம் போட்ட ஒரே காரணத்தால் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. கணக்கில் 60 ரூபாய்தான் இருக்கிறது என்றால், 118 ரூபாயை எடுத்து "மைனஸ் 58" என்று பாஸ் புத்தகத்தில் எழுத பாங்குக்கு அதிகாரம் இல்லை. அதாவது, வாங்காத கடனுக்கு ஒருவரைக் கடன்காரர் ஆக்க முடியாது!

2 ஆண்டுகளாக வரவு செலவு செய்யாமல் முடங்கிப் போன கணக்கில், குறைந்த இருப்புக்காக அபராதமே போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது.

இதில் ஒரு சந்து உண்டு. சில பாங்குகளில் அபராதத்தைக் கணக்கில் எழுதாமல், பாக்கியாகத் தனியே குறித்து வைக்கிறார்கள். என்றைக்காவது பணம் வந்தால் "டக்" என்று பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு மைனஸ் ஆகவில்லை. விதியை மீறவில்லை என்று வாதம்! வாசல் வழியாக வரக்கூடாது என்றால், கொல்லைப்புறமாக வரலாமா?

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து வாங்குவது. பணம் எந்தத் தேதியில், எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். புரியாவிட்டால் பாங்கில் கேட்கலாம். வெட்கப்பட வேண்டியது இல்லை. அந்தக் குறிப்புகள் படித்தவர்களுக்கே புரிவதில்லை!

பிறகு மானேஜருக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தமிழிலேயே எழுதலாம். எந்தத் தேதியில் எனக்குத் தகவல் கொடுத்தீர்கள்? ஒரு மாதத் தவணை கொடுத்தீர்களா? எவ்வளவு குறைந்ததற்கு எவ்வளவு அபராதம்? இந்த மூன்று கேள்விகள் போதும். நகல் ஒன்றில் பாங்கு முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நகல்தான் ஆயுதம்.

பல இடங்களில் இந்தக் கடிதத்தோடு காரியம் முடிந்துவிடும். 30 நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், தாமதம் செய்யாமல் ரிசர்வ் பாங்கின் குறை தீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் தேவை இல்லை. இன்டர்நெட் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ரிசர்வ் பாங்கின் இணையதளம் மூலம் புகாரைப் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் சண்டிகார் செக்டர் 17-ல் உள்ள ரிசர்வ் பாங்கு புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற போன் நம்பர் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அபராதம் ரொம்ப அதிகம், ஏழை எங்களுக்குக் கருணை காட்டுங்கள்" என்று எழுதினால், அது பாங்கின் வியாபார முடிவு என்று புகார் தள்ளுபடி ஆகலாம். "தகவல் கொடுக்கவில்லை, தவணை கொடுக்கவில்லை, கணக்கு மைனஸ் ஆனது" என்று விதி மீறலைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். அழுகையைவிடத் தேதிக்கு மதிப்பு அதிகம்!

அபராதமே இல்லாத கணக்கு

குறைந்தபட்ச இருப்பே தேவை இல்லாத "அடிப்படை சேமிப்புக் கணக்கு" எல்லா பாங்குகளிலும் உண்டு. ரிசர்வ் பாங்கு 2012-ம் ஆண்டு கொண்டு வந்த ஏற்பாடு இது. ஏ.டி.எம். கார்டு இலவசம். மாதத்துக்கு 4 தடவையாவது கட்டணம் இல்லாமல் பணம் எடுக்கலாம். இப்போது இருக்கும் சேமிப்புக் கணக்கையே இப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: அதே பாங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக்கூடாது.

இதை எத்தனை பாங்குகள் தாமாகவே எடுத்துச் சொல்கின்றன? கவுண்ட்டரில் இன்சூரன்ஸ் வாங்கச் சொல்லும் அக்கறையில் பாதியை இதில் காட்டினால், பல லட்சம் பேருக்கு அபராதம் மிச்சமாகும்.

ரிசர்வ் பாங்கும் ஒரு படி மேலே போக வேண்டும். பாக்கி என்று எழுதி வைத்து, பின்னால் பிடிக்கும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும். கூலி, பென்ஷன், அரசு உதவித் தொகை வரும் கணக்குகளில் இருந்து அபராதம் எடுக்க அனுமதிக்கக்கூடாது. எடுத்த பணத்துக்குக் காரணத்தைப் பாஸ் புத்தகத்தில் தமிழில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.